இருநூறு மில்லி அரிசி

மார்புக்குள் வைக்கும் சிலிகோன் பையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் முதலில் முகப்பருவைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து முடி கொட்டுவதைப் பற்றி, மூன்றாவதாகத்தான் வந்த விஷயம் வெளியே வரும். அதுவரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. எந்த டாக்டரிடமாவது ரிசப்ஷனில் உட்கார்ந்து குப்பை கொட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும், மற்றவர்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் 2010-ல் வேலைக்குச் சேர்ந்தேன். வயது பதினெட்டு. ப்ளஸ் டூவோடு போதும் என்று நானே முடிவெடுத்திருந்தேன். டாக்டரம்மா வியாழக்கிழமை மட்டும் பாண்டிச்சேரியிலிருந்து வருவார். நர்ஸ் மேரி சிஸ்டர் தினமும் இருப்பார். போன் எடுப்பதும் டோக்கன் கொடுப்பதும், மாதிரித் தட்டைக் காட்டி விளக்குவதும் என் வேலை.

தட்டில் நாலு பை

தட்டில் நாலு மாதிரிகள் இருக்கும். உருண்டையில் வழவழப்பானது ஒன்று, சொரசொரப்பானது ஒன்று. மூன்றாவது, மேலே ஒட்டி கீழே கனத்த துளி வடிவம். நாலாவது உப்புத்தண்ணீர் நிரப்பியது. எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். உங்கள் உடம்புக்கு எது, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். கடைக்காரியிடம் விலை கேட்டால் ஜாதகம் கேட்கிறாளே என்று நினைப்பார்கள் போல.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். நாலு பையையும் அவரே அமுக்கிப் பார்த்தார். எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை வருஷம் வாரன்ட்டி, கிழிந்தால் கம்பெனி மாற்றிக் கொடுக்குமா என்று வரிசையாக விசாரித்தார். அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு டாக்டரம்மா அந்தக் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவிடம் தனியாகப் பேசினார். அரை மணி கழித்து வெளியே வந்த அக்கா, தனக்கு எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டதாக என்னிடம் மட்டும் சொன்னார். அப்போது சொன்னதுதான் இது: "ஏசி வாங்குறப்பவும் அவுங்க இதே கேள்வியத்தான் கேட்டாங்க. அத செவுத்துல மாட்டுனோம், இத எங்க மாட்டுறதுன்னு அவுங்களுக்கு இன்னும் தெரியல."

வாலிபால் டீச்சர்

வளர்மதி டீச்சர் முகப்பருவும் கேட்கவில்லை, முடியும் கேட்கவில்லை. சிதம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: வலது பக்கம் எல்லோரையும் போல, இடது பக்கம் வளரவே இல்லை. இதனால் யாரும் அவரைத் தள்ளி வைத்துவிடவில்லை. கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் முன்னால் கையைத் தூக்கி சர்வீஸ் போட வேண்டும். இத்தனை வருஷமாகப் பந்தை பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று வாயால்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தால் பந்து அடிக்கும் போதெல்லாம் பை இழுபடும், அதனால் இவருக்குத் தசைக்கு மேலேதான். துளி வடிவம் பார்க்க இயல்பாக இருக்கும், ஆனால் உள்ளே திரும்பிக்கொண்டால் வடிவமே கோணலாகிவிடும். உருண்டை திரும்பினாலும் உருண்டைதான். டீச்சர் வெளியே வந்து என் கருத்தைக் கேட்டார். பந்து அடிக்கிறவர்களுக்கு உருண்டைதான் சரி, அழகு கொஞ்சம் கம்மி என்று உள்ளதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மேரி சிஸ்டர் என்னை முறைத்தார். டீச்சர் முறைக்கவில்லை. "இடது பக்கம் கர்ச்சீப்ப மடிச்சு வெச்சிக்கிட்டு ஓடுனா அது பாதி மேட்ச்லயே வயித்துக்கு வந்துடும்மா. எடத்துல இருந்தா போதும், அழக நான் பாத்துக்கறேன்."

அரிசி மூட்டை

என்ன அளவு என்று முடிவு செய்ய எங்களிடம் ஒரு வழி உண்டு. நைலான் சாக்ஸில் அரிசியைப் போட்டு முடிச்சுப் போட்டு, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் பார்க்க வேண்டும். பை மில்லிக் கணக்கில் வருகிறது, அதனால் அரிசியும் மில்லிக் கணக்கில். டாக்டரம்மா டேப் வைத்து அளப்பது தனி. அரிசி, போட்டுக்கொள்பவர் தன் உடம்பைத் தானே கேட்டுப் பார்ப்பதற்கு.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கனமாக இருக்கிறதென்று ஒருவர் பொரியைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் வடலூருக்குத் தைப்பூசத்துக்குப் போய், கூட்டத்தில் சாக்ஸ் அவிழ்ந்து, வழியெல்லாம் அரிசி சிந்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் என் முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருநூறு மில்லி கட்டிப் பார்க்கச் சொல்லியிருந்த வளர்மதி டீச்சர் ஸ்கூலிலிருந்து போன் பண்ணி, அதைப் படியில் அளப்பதா தராசில் நிறுப்பதா என்று கேட்டார். இருநூறு கிராம் டீச்சர், கடையில் நிறுத்து வாங்கிக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரே நின்ற திருப்பாப்புலியூர் அக்காவுக்கு வேறு கவலை. "ரேஷன் அரிசி வேணாம் பாப்பா. அந்த வாசனைக்கே எங்க வீட்டுக்காரரு தேடி வந்து என்னாடி பொங்குறன்னு கேப்பாரு."

நீலப் பெட்டி

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, பிரேயரில் நின்றேன், மார்க்கெட்டுக்குப் போனேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இருநூறுதான் என் அளவு என்றார். டாக்டரம்மாவின் டேப் கணக்கிலும் இருநூறிலிருந்து இருநூற்றைம்பது வரை இடமிருந்தது. இருநூறு என்று எழுதி சென்னைக்கு ஆர்டர் போனது. அரையாண்டு லீவின் முதல் வியாழக்கிழமை ஆபரேஷன். அதை விட்டால் மே மாதம்தான். முதல் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் நடக்கும் போது அவருக்கு அவ்வளவு லீவு கிடைக்காது; அதற்கு மேல் ஆறு வாரம் வரை கையைத் தூக்காமல், வழக்கம் போல வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும்.

நீலப் பெட்டியில் சீல் வைத்து பை வந்து சேர்ந்தது. டீச்சருக்குப் போனில் சொன்னேன். "பெட்டிய ஜன்னலோரம் வெக்காத, சாரல் அடிக்கும். என்னுதுன்னு பேர் எழுதிட்டியா?"

கண்ணாடி ஜாடி

ஆபரேஷனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வேறொருவர், கடையில் இருநூறு கிராம் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். நாங்கள் சொன்னது மில்லி, அவர் வாங்கியது கிராம். மேரி சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து அளவு ஜாடியில் கொட்டினார். அரிசி இருநூறில் நிற்கவில்லை. இருநூற்று நாற்பதாவது கோட்டில் போய் நின்றது. டீச்சரிடம் போனில் நான் சொன்னதும் கிராம்தான். டீச்சர் கட்டிப் பார்த்துச் சமமாக இருக்கிறது என்றது இருநூற்று நாற்பது. பெட்டிக்குள் இருப்பது இருநூறு.

பேசாமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தால் உடம்பு வாகு என்று சொல்லிவிடலாம், கிராம் என்று நான் சொன்னது எனக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் தெரியும். வெந்நீர் வைக்கிற மாதிரி இரண்டு முறை உள்ளே போய் வந்தேன். பிறகு பாண்டிச்சேரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். சென்னையில் இருநூற்று நாற்பது கையிருப்பு இருக்கிறதா என்று கேட்பதாகச் சொன்னார், வராவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்றார். டீச்சரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் என்றேன். "நான் அளந்ததுல தப்பில்ல. அவுங்க அளந்தத நீதான கெடுத்த, நீயே சொல்லு."

சிதம்பரத்துக்கு ஒரு போன்

பின்னால் விசில் சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, புதுப் பெட்டி வியாழக்கிழமை காலைக்குள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் மே மாதம் என்றேன். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு முறை விசில் ஊதினார். சின்னதையே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார் என நினைத்தேன், அவர் கேட்கவில்லை. "வியாழக்கெழம வந்து பாக்குறேன், பெட்டி வரலன்னா மே மாசம் வரேன். சின்னத வெச்சிட்டு மறுபடி கர்ச்சீப்பு மடிக்க என்னால முடியாது. ஆனா அதுவரைக்கும் நீ எனக்குப் போன் பண்ணாத."

வியாழக்கிழமை

காலை ஆறு மணிக்கு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். பார்சல் ஆறரைக்கு வர வேண்டியது, மழையில் எட்டு மணிக்கு வந்தது. பெட்டியில் போட்டிருந்த எண்ணை மூன்று தடவை படித்தேன், மேரி சிஸ்டரை ஒரு தடவை படிக்கச் சொன்னேன். மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. தையல் பிரிக்க வந்தபோது டீச்சர் என்னிடம் டோக்கன் வாங்கினார், வேறெதுவும் பேசவில்லை. அது நியாயம்தான்.

ஆறு வாரம் தாண்டி ஒரு நாள் ரிசப்ஷன் போன் அடித்தது. அதே விசில். நான் வணக்கம் சொல்வதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். "சர்வீஸ் போட்டேன். நெட்டுல அடிச்சிது, புள்ளைங்க சிரிச்சிதுங்க. நானும் பந்த மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மொத்தத்தில் இது, உள்ளே வைத்துக்கொள்ளப் போகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் தைரியமாக அளவு சொல்கிற தொழில், என்னையும் சேர்த்து.