நடுவில் விட்ட இடம்

நான் ஐந்தாவது படித்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். ஒருவன் என் அண்ணன். இன்னொருத்தி என் அம்மா.

அம்மா பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறி, உடனே கல்யாணம் ஆகி கே.ஜி.கண்டிகைக்கு வந்தவள். ஊர் பால்வாடியில் டீச்சர் வேலை காலியாகிறது, பத்தாவது தேறியிருந்தால் போதும் என்று யாரோ சொன்னதும் அவளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அதற்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

பஸ் நிறுத்தத்தில் நைனா வைத்திருந்த டீக்கடையில் காலையெல்லாம் வடை சுடுவாள். கூட்டம் குறைந்ததும் பழைய நோட்டீஸ் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாள். அப்புறம் அந்தத் தாள்களிலேயே வடை மடித்துக் கொடுப்போம். மலைக்கோயிலுக்குப் போகிற எத்தனையோ பேர் எங்கள் அம்மாவின் சைன் தீட்டாவில் எண்ணெயை ஒற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முக்கோணவியல் முற்றொருமைகள்தான் அவளை ஆட்டிவைத்தன. எனக்கோ அவைதான் உலகத்திலேயே சுலபமான கணக்குகளாகத் தெரிந்தன. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம் என்று கேள்வியிலேயே அச்சடித்திருக்கிறது. தெரிந்த விடைக்கு ஏன் இந்தப் பாடு என்று அம்மாவுக்காக நான் பரிதாபப்பட்டேன்.

அண்ணன் கெட்டிக்காரன். அவனிடம் ஒரு வழி இருந்தது.

"மேலேர்ந்து நாலு வரி போடு, கீழேர்ந்து நாலு வரி போட்டுகினு வா. நடுவுல எதுனா எழுதி ஒட்டிடும்மா. திருத்தறவங்க அவ்ளோ பாக்க மாட்டாங்க."

அம்மா தலையாட்டினாள். ஆனால் ஒரு நாளும் ஒட்டவில்லை. வராத கணக்கை வராமலேயே விட்டு, மறுநாள் வேறு தாளில் முதலிலிருந்து தொடங்குவாள்.

பரீட்சையிலும் அப்படி ஒன்று வந்தது. இடப்பக்கத்தைச் சுருக்கி சைன் தீட்டா, காஸ் தீட்டா பெருக்கல் வரை கொண்டுவந்துவிட்டாள். வலப்பக்கத்தில் ஒன்றுக்குக் கீழே டேனும் காட்டும் கூட்டலாக நின்றன. அவற்றை அவளால் அசைக்க முடியவில்லை. நடுவில் நாலு வரிக்கு இடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணனுக்கும் அங்கேதான் சிக்கியதாம், அவன் ஒட்டிவிட்டான். நீயும் ஒட்டியிருக்கலாமே என்று கடைக்கு வந்ததும் அவளைக் கடிந்துகொண்டான்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி எப்டிடா எழுதறது?" என்றாள் அம்மா.

முடிவு வந்தது. அண்ணனுக்கு நல்ல மதிப்பெண். அம்மாவுக்குத் தேற இரண்டு மதிப்பெண் குறைந்துபோனது. அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள் என்பது வேறு விஷயம். அதற்குள் பால்வாடி வேலை பக்கத்துத் தெரு அக்காவுக்குப் போய்விட்டது. முடிவு வந்த அன்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அம்மாமேல் கோபமாகவும் இருந்தது, ஒரே ஒரு வரிப் பொய் சொல்லியிருந்தால் என் அம்மா டீச்சர்.

மத்தியானம் அடுப்பைத் தணித்துவிட்டு அம்மா ஒரு நோட்டீஸ் தாளை எடுத்து, அதே கணக்கைப் போட உட்கார்ந்தாள். பரீட்சைதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. டேனையும் காட்டையும் சைனாகவும் காஸாகவும் உடைத்தாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். சட்டென்று பேனாவை நிறுத்தினாள். மேலே சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டையும் சேர்த்து ஒன்று என்று எழுதினாள். அதற்கப்புறம் மூன்றே வரி.

"சமம்தான் பாப்பா. நெஜமாவே சமம்தான்."

மாவு காய்ந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் மனம் நோகக் கூடாதென்று நடிக்கிறாள், பாவம் என்று நினைத்து நானும் அவளுக்காகச் சிரித்துவைத்தேன். அந்த மத்தியானம் அந்தக் கடையில் நடித்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.