கைப்பையில் இருந்த சவுக்குப் பட்டை

இளம் வனவியலாளர்களை மாநாட்டுக்கு அனுப்பும் திட்டத்துக்கு இந்த வருட அறிவிப்பு வந்திருக்கிறது. அதிலும் என் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். கையில் மரக்கன்று, முகமெல்லாம் பல். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிக்கெட், தங்கும் அறை, கழுத்தில் மாட்டும் அட்டை எல்லாம் அதை நடத்தும் வனவியல் சங்கத்தின் செலவுதான். குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் அந்தத் திட்டத்தில் மாநாட்டுக்குப் போனபோது, மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் எனக்கு நாலாவது வருடம். குருவிநத்தத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த ஒருவரைச் சவுக்குக்கு மாறச் சொன்னவள் நான். இரண்டு காணி நிலம். மூன்றாம் வருடம், நன்றாக நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன. பட்டை கொப்பளித்து வெடித்தது. உள்ளே விரலை விட்டால் கறுப்புப் பொடி ஒட்டியது. நோய் என்று தெரிந்தது. மிச்ச மரங்களைக் காப்பாற்றலாமா, மொத்தத்தையும் உடனே வெட்ட வேண்டுமா என்றுதான் தெரியவில்லை. சவுக்கு நோய்களையே காலமெல்லாம் ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர் மாநாட்டுக்கு வருவதை அழைப்பிதழில் பார்த்தேன். அவரைக் கேட்க வேண்டும் என்றே விண்ணப்பத்தில் எழுதினேன். தேர்வானேன்.

"நீ கேட்டுகினு வாம்மா. அதுவரிக்கும் நான் ஒரு மரத்துலயும் கத்தி வெக்கல" என்றார் குருவிநத்தத்துக்காரர். ஒரு துண்டுப் பட்டையைச் சீவி, கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

போய் இறங்கியதும் சங்கத்துச் செயலாளர் தேர்வாகி வந்த எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். பொன்னாடைக்குப் பதில் மரக்கன்று தருவதுதான் இப்போது நாகரிகம். அதை மேடைக்குத் தூக்கிப்போய்க் கொடுக்க ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் என்றால் பார்க்க இன்னும் அழகு.

"பேச்செல்லாம் வேணாம்மா. சிரிச்ச முகமா இருந்தா போதும்" என்றார்.

கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடை ஏறினேன். எனக்கு வாய்த்த விருந்தாளி அந்த விஞ்ஞானியேதான். இரண்டு கையாலும் கன்றை நீட்டினேன். அவர் குனிந்து, "என்ன கன்னும்மா இது?" என்று கேட்டார். அவராகவே கேட்டார்! "மகிழம் சார்" என்றேன். சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா பார்க்கும் படம் நன்றாக வர வேண்டுமே என்ற நினைப்பு. சவுக்கு என்ற ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மதியம் பக்கத்து அரங்கில் அவர் பேசியபோது, விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன கன்றுகளை அவரவர் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். செயலாளரின் உத்தரவு. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டிருந்தார். அவருடைய மகிழங்கன்று மட்டும் மேடை ஓரத்தில் கிடந்தது. ஊருக்கு வந்த அன்றே பட்டையைப் படம் எடுத்து அவருக்கு மெயில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். பதில் இல்லை.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல் குருவிநத்தம் போனேன். சவுக்குக்காரர் வரப்பில் நின்றிருந்தார். காய்ந்த வரிசைகள் கூடியிருந்தன.

"இன்னாம்மா சொன்னாரு?"

"கேக்க முடியலண்ணே. மேடையில கன்னு குடுக்கற வேலயக் குடுத்துட்டாங்க."

"யாருக்குக் குடுத்த?"

"அவருக்குத்தான்."

"அவரு கையிலயேவா?"

"ஆமாண்ணே."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அப்போ கிட்டதானம்மா நின்ன?"

மறு வாரம் இரண்டு காணியையும் வெட்டிவிட்டார். வெட்டிப் போட்டதில் பாதி மரங்களுக்குப் பட்டை நன்றாகத்தான் இருந்தது.