ஆஸ்பத்திரிக் குசினிக்கு ஆள் எடுத்த கதை

இருபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கிளாக்கர் வேலை. முப்பதுகளின் நடுப்பகுதி அது. கொக்குவிலில் காலை ரயில் ஏறித் தென்மராட்சியில் இறங்கி, பனங்காணிகளுக்கு ஊடாகப் பத்து நிமிடம் நடந்தால் ஆஸ்பத்திரி வரும். முப்பது கட்டில், ஒரு தமிழ் டொக்டர், தாதிகளுக்குத் தலைவியாக ஒரு வெள்ளைக்கார மேற்றன், ஒரு தட்டச்சு இயந்திரம். அந்த இயந்திரத்தில் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, பிந்தி வந்தவரிடம் விளக்கம் கேட்பது எல்லாம் என் விரல்கள் வழியாகவே நடந்தன. நிர்வாகமே என் கையில் இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்போம், சாப்பாடு கொடுப்பதில்லை. கொடுத்தாலும் நோயாளிகள் தொடமாட்டார்கள். யார் சமைத்ததோ என்ற பயம். ஒவ்வொரு குடும்பமும் வளவுக்குள் வேப்பமரங்களின் கீழ் மூன்று கல்லை வைத்துத் தானே சமைத்தது. புகை வார்டுக்குள் வந்து நெஞ்சு நோய்க்காரரை இருமவைத்தது. வயிற்றில் ஒப்பரேஷன் செய்த ஒருவருக்கு மூன்றாம் நாளே அவருடைய மாமி மீனும் மிளகாயும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். அவர் தப்பியது எப்படி என்று டொக்டருக்கு இறுதிவரை தெரியவில்லை.

மேற்றன் பொறுமை இழந்தார். அவர் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர். அவர் பேசும் தமிழ் ஊரில் வேறு யாருக்கும் வராது.

“இனி நோயாளருக்கு நாமே அன்னம் அளிப்போம். தகுதி வாய்ந்த சமையற்காரர் ஒருவரைத் தேடுவோம்” என்றார்.

விளம்பரத்தை நான் அடித்தேன். உடல்நலம், சுத்தம், நேர்மை, முன் அனுபவம் என்று நான்கு தகுதிகள். ஐந்தாவது ஒன்று இருந்தது. அவர் கையால் எல்லாரும் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பது. அதை யாரும் சொல்லவும் இல்லை, நான் அடிக்கவும் இல்லை. ஆனால் அதை வாசிக்காமல் விட்டவர் மேற்றன் ஒருவர்தான்.

வந்தவர்களில் ஒருவர் உயரமானவர், நாற்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் வெளுத்த சால்வை. நிலபுலம் உள்ள கமக்காரக் குடும்பம். மேற்றன் அவருடைய நகங்களைப் பார்த்தார், பற்களைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

“நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்ச எவ்வளவு அரிசி வேண்டும்?”

“எங்கடை வீட்டுக் கலியாணத்திலை ஊரே வந்து சாப்பிட்டது, அம்மா.”

“அன்று சமைத்தவர் நீர்தானா?”

“எங்கடை குடும்பம் ஆர் எண்டு ஊர்த் தலைமை விதானையாரைக் கேட்டுப் பாருங்கோ. எங்கடை கையாலை தண்ணி வாங்கிக் குடியாத ஆக்கள் உந்தப் பகுதியிலை இல்லை.”

கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பரம்பரையைத்தான் பதிலாகச் சொன்னார். அவர் போன பின் மேற்றன் என்னிடம், “தன்னம்பிக்கை உள்ள மனிதர்” என்றார். நியமனக் கடிதத்தை அன்றே அடித்தேன்.

குசினிக்கு உதவியாளாக வார்டு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மாற்றினோம். தொண்டைமானாற்றுப் பக்கம் கடலோடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொழிலுக்குப் போன கணவர் திரும்பி வராததால் வேலைக்கு வந்தவர். தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது, சட்டி பானை கழுவுவது அவருடைய கடமைகள். அடுப்படிக்குப் போகக்கூடாது என்பதையும் நான் அடிக்கவில்லை. அவருக்கே தெரியும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். வயதில் என்னைவிட மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவதா, பெயர் சொல்வதா என்று முடிவு செய்யாமல் “இஞ்சை பாருங்கோ” என்றே நான் அங்கிருந்த காலம் முழுவதையும் ஓட்டினேன்.

முதல் வாரம் கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாம் வாரத்தில் எல்லாம் மாறியது. பருப்பு குழைந்து வந்தது, சொதி மணத்தது, ரசத்துக்கு வார்டில் இரண்டாம் முறை கேட்டார்கள். அண்டவாதத்துக்கு ஒப்பரேஷன் செய்து படுத்திருந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், “இது சைவக் கை. பரம்பரையாக வந்த கை” என்று பக்கத்துக் கட்டில்காரருக்கு விளக்கம் கொடுத்தார். மரங்களின் கீழிருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின.

ஒருநாள் காலை உணவுப் பட்டியலை வாங்கக் குசினிக்குப் போனேன். சமையற்காரர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, நோயாளியின் உறவினர் ஒருவரோடு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் நின்றது அந்தப் பெண். ஒரு கையில் அகப்பை, மறு கையில் உப்புச் சிரட்டை. என்னைக் கண்டதும் பயந்து பின்னுக்குப் போகவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

“கிளாக்கர் ஐயா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவர் வாசல்லை இருந்தால்தான் சனம் சாப்பிடும். நான் உள்ளுக்கை நிண்டால்தான் அது சாப்பாடா இருக்கும்.”

“அவருக்குச் சமைக்கத் தெரியாதோ?”

“பாவம், அவர் வீட்டிலை அடுப்படிப் பக்கமே போகாதவர். முதல் வாரம் கையைச் சுட்டுப்போட்டு அழுதவர்.”

நான் சொல்லவில்லை. அதை இரக்கம் என்று அப்போது நினைத்தேன். மத்தியானம் எனக்கும் அந்தக் குசினியில் இருந்துதான் சாப்பாடு வந்தது. சொன்னால் நானும் சாப்பிடாமல் இருக்க வேண்டிவரும், அல்லது சாப்பிடுகிறேன் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிவரும். வீட்டில் அம்மா, “அங்கை ஆர் மோனை சமைக்கிறது?” என்று கேட்டபோது, “எங்கடை ஆள்தான், அம்மா” என்றேன்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. மேற்றன் வருடாந்தம் சிறந்த ஊழியருக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். சமையற்காரரின் பெயரை என்னை அடிக்கச் சொல்லிவிட்டு, அவரை நேரில் பாராட்டக் குசினிக்குப் போனார். வெள்ளைக்கார அம்மா வரும்போது சமையற்காரர் எழும்பி நின்றார். கதவை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மேற்றன் அறைக்குத் திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. “ஒருவர் உழைக்க மற்றொருவர் புகழ் பெறுவது அநீதி” என்றார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் வார்டின் நடுவில் நின்று, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்.

“இதுவரை உங்களுக்கு உணவு சமைத்தவர் இவரே. இன்று முதல் இவரே நமது சமையற்காரர்.”

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார் போலும். ஒருவர் கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அந்தப் பெண் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

மத்தியானம் போன கோப்பைகள் அப்படியே திரும்பி வந்தன. அண்டவாதம் திரும்பி வந்து மறுபடியும் படுத்து, ஒரு மாதமாக ரசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்த வாத்தியார், “எனக்கு அப்பவே வயித்துக்கை ஒரு மாதிரி இருந்தது” என்றார். பின்னேரம் மரங்களின் கீழ் பழையபடி கற்கள் வந்தன. தையல் வெட்டாமலே நாலு பேர் மாட்டுவண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சமையற்காரர் மானம் போய்விட்டதென்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மேற்றன் தன் அறையில் இருந்து அழுதார். தான் செய்ததில் எது பிழை என்று அவர் என்னிடம் கேட்டபோது, பிழை ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். உண்மையும் அதுதான்.

மூன்றாம் நாள் டொக்டர் கூட்டம் வைத்தார். சமையற்காரரையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். நான் குறிப்பெடுத்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று டொக்டர் கேட்டார். வேலையில் சேர்ந்தபின் அவரிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான் இதைக் கேட்டனானோ, ஐயா? மேற்றன் அம்மா தானாத்தான் சொன்னவா” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவர் முந்தி மாதிரி வாசல்லை இருக்கட்டும். நான் உள்ளுக்கை நிக்கிறன். சனத்துக்கு நான் துலைஞ்சுபோனன் எண்டு சொல்லுங்கோ. ஆனால் உங்கடை புத்தகத்திலை மட்டும் என்ரை பேருக்கு நேரை சமையல்காரி எண்டு எழுதவேணும். உள்ளதை ஒரு இடத்திலையாவது எழுதி வையுங்கோ” என்றார்.

டொக்டர் சமையற்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு மறுப்பில்லை. அவதானே செய்யிறவ” என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நேர்மையான வார்த்தை அது. ஆனால் அதைக் குறிப்பில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஊழியர் பதிவேடு இங்கிலீசில் இருந்தது. ஆகவே உண்மையை எழுதுவதில் எந்த ஆபத்தும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே சமையற்காரி என்று எழுதினேன். மற்றவரின் பெயருக்கு நேரே வாசற்காவலர் என்று எழுதினேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, “இங்கிலீசிலை என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“மேற்பார்வை மாதிரி ஒண்டு” என்றேன். அவருக்குத் திருப்தி.

அந்தப் பெண் போய்விட்டார் என்று வார்டில் சொன்னோம். பழைய சட்டிபானைகளை வார்டுக்குத் தெரியும்படி உடைத்தோம். மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். சந்தையில் போய்ப் புதுச் சட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியவர் அந்தப் பெண்தான். மேற்றன் இதில் எதையும் பார்க்க விரும்பாமல் மருந்தறையிலேயே இருந்தார். அடுத்த நாள் சமையற்காரர் வாசற்கதிரையில் இருந்தார். வாத்தியார் ஒரு வாய் ரசம் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“இப்பதான் பழைய ருசி. ஆள் மாறினால் நாக்குக்கு உடனை தெரியும்.”

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனேன். எனக்குப் பின் வந்த கிளாக்கர் கவனமான பிள்ளை. சில மாதங்களில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவேட்டில் ஒரு பிழையைக் கண்டாராம். குசினியில் வேலை செய்யும் இருவரின் பதவிகளும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தனவாம். இது அவசரத்தில் நேர்ந்த தவறு என்று விளங்கிக்கொண்டு, தானே திருத்திவிட்டதாக மரியாதையோடு எழுதியிருந்தார்.

உடனே பதில் எழுதினேன். முன்னிருந்ததே சரி, மேற்றனைக் கேளுங்கள் என்றேன். மேற்றன் சீமைக்கு லீவில் போயிருக்கிறார், யுத்தத்தால் கப்பல் இல்லை, அவருடைய கையொப்பம் இல்லாமல் பதிவேட்டில் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. தான் ஏற்கெனவே ஒருமுறை கை வைத்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. டொக்டருக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கொழும்பில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயில் திருவிழாவுக்குப் போனபோது ஆற்றங்கரையில் அந்தப் பெண்ணைக் கண்டேன். மகளோடு வந்திருந்தார். இன்னும் அதே குசினியில்தான் வேலை என்றார். அரிசித் தட்டுப்பாட்டில் கஞ்சிக்கு மரவள்ளிக்கிழங்கு போடும் விதத்தைச் சொன்னார். வாசலில் இருந்தவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, அவருடைய கதிரைக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். பிறகு மகளைக் காட்டினார்.

“இவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். நான் கூலிக்கு நிண்டவள் இல்லை, ஆஸ்பத்திரிப் புத்தகத்திலை சமையல்காரி எண்டு இருக்கிறவள் எண்டு. என்ரை பேர் அதிலை கிடக்குத்தானே, கிளாக்கர் ஐயா?”

“ஓம், கிடக்கு” என்றேன்.

பெயர் கிடந்ததுதான். அவர் மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இருவரும் கோயில் பக்கமாக நடந்தார்கள். நான் கால் கழுவுவதற்கு ஆற்றில் இறங்கினேன்.