பங்கில்லாதவளின் கையெழுத்து

வடக்கனந்தலில் தங்கமணி வாயைத் திறந்தால் கல்வராயன் மலையில் கடுக்காய் உதிரும். நம்பாதவர்கள் மலையேறிப் போய்ப் பொறுக்கிப் பார்க்கலாம். அவள் ரேஷன் வரிசையில் நிற்கிற நாளில் கடைக்காரர் தராசை மட்டுமில்லை, தன் முகத்தையும் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவள், கள்ளக்குறிச்சியில் ருக்ஷானாவின் டைப்பிங் கடையில் ஒரு நாள் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி செல்லமுத்துதான் கூட்டிவந்திருந்தான். எலவனாசூர்கோட்டையில் அப்பா விட்டுப்போன கரும்புக்கொல்லையில் தனக்குப் பாத்தியதை எதுவும் வேண்டாம் என்று அக்கா விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். முறை தவறாமல் தட்டில் பழமும் பூவும் பட்டுப்புடவையும் வைத்துக் கொடுத்திருந்தான். சாட்சிக்கு ஆள் பிடிக்க அவன் வெளியே போனதும் ருக்ஷானா தட்டச்சை நிறுத்தினாள்.

“இன்னாத்துக்குக்கா இந்தப் பத்திரம்?”

“பேருக்கு ஒரு கையெழுத்துதாம்மா. கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு ஏது? எங்கப்பா செத்தே இருபத்தஞ்சு வருஷம் ஆவுது.”

“பங்கே இல்லாதவங்ககிட்ட எதுக்குக்கா கையெழுத்து வாங்குறாங்க?”

தங்கமணி சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ருக்ஷானா திரையைத் திருப்பிக் காட்டினாள். “தீர்ப்பு இது. அப்பன் எப்ப செத்திருந்தாலும், பொறந்ததுனாலயே பரம்பரைச் சொத்துல பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு டெல்லியில பெரிய கோர்ட்டு சொல்லியிருக்குது. ஆஸ்திரேலியா, கனடா, நம்ம நாடுன்னு சட்டம் படிச்சவங்க ஒண்ணு சேந்து இதெல்லாம் நெட்ல போட்டு வெச்சிருக்காங்க. யார் வேணா ஓசியில படிக்கலாம்.”

முகம் தெரியாத யாரோ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தனக்காகத் திறந்து வைத்ததை, இத்தனை வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் சின்னது. பெரியது பின்னாலேயே வந்தது.

போன தை மாதம் புருஷன் வீட்டுக் கழனிக்காக அவளே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு சின்னசேலத்துக்குப் போயிருந்தாள், நாத்தனார் சின்னப்பொண்ணு வீட்டுக்கு. “பேருக்கு ஒரு கையெழுத்துதான் கண்ணு” என்று இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அவளும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

செல்லமுத்து சாட்சியோடு வந்து நின்றான். “தலை சுத்துதுடா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தங்கமணி சின்னசேலம் பஸ் ஏறினாள்.

சின்னப்பொண்ணு மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கமணி தட்டுத்தடுமாறித் தீர்ப்பைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை.

“தெரியும் அண்ணி.”

“இன்னா தெரியும்?”

“அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே என் பொண்ணு போன்ல எடுத்துத் தமிழ்ல படிச்சிக் காட்டிட்டா.”

“அப்புறம் ஏன்டி கையெழுத்துப் போட்ட?”

“நீங்க தட்டோட வாசல்ல நின்னுக்கினு இருந்தீங்க. தெருவே பாத்துக்கினு இருந்திச்சி. பொறந்த வூட்டுல பங்கு குடுங்கன்னு எப்பிடி அண்ணி கேக்கறது? வெக்கமா இருந்திச்சி.” கொஞ்சம் மல்லாட்டையை அள்ளி அண்ணி பக்கம் தள்ளினாள். “சாப்புடுங்க.”

தங்கமணியால் ஒன்றைக்கூட வாயில் போட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷன் தமிழரசனிடம், சின்னப்பொண்ணு பங்கை அவள் பேருக்கே திருப்பி எழுதிவிடலாம் என்றாள்.

“வெயில்ல சுத்தினியா?” என்றான் அவன். “போட்ட பத்திரம் போட்டதுதான். தர்மம் பண்ணணும்னா உன் அப்பன் வூட்டுக் கொல்லைல வாங்கினு வந்து பண்ணு.”

சொன்னவன் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான். கிண்டலாகச் சொன்னாலும் வழி அது ஒன்றுதான் இருந்தது. தங்கமணி போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று கதவைச் சாத்தினாள்.

“தலைசுத்தல் நின்னுச்சாக்கா?” என்றான் செல்லமுத்து. “நாளைக்குப் போட்டுடலாமா?”

“கையெழுத்துப் போடலடா. எனக்குப் பங்கு வேணும்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவன் நிறுத்தினான்.

“கேக்க வெக்கமா இல்ல உனக்கு?”

“இருக்குது.”

“கட்டிக்குடுத்து, சீர் செஞ்சி, தீபாவளிக்குத் தீபாவளி…”

“இருக்குதுடா செல்லமுத்து. உன்கிட்ட கேக்கறதுக்கும் இருக்குது, சின்னப்பொண்ணு மூஞ்சில முழிக்கறதுக்கும் இருக்குது. ரெண்டுல அதுதான் ஜாஸ்தி. வர்றதை அவளுக்குக் குடுத்துட்டா கொஞ்சமாவது கம்மியாவும்.”

அவன் போனை வைத்துவிட்டான்.

தங்கமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அவனுக்கே அடித்தாள்.