அம்புக்குறியும் அரசமரத்துப் பிள்ளையாரும்

புனேயிலிருந்து ஒரு வார விடுப்பில் திருநெல்வேலிக்கு வந்திருந்தேன், பெண் பார்க்க. அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இடையில் என் நெற்றி மட்டும்தான் முன்னேறியிருந்தது. "இதுவும் தட்டுச்சுன்னா ஒன் ஜாதகத்தைத் தாமிரவருணில விட்டுட்டு நிம்மதியா இருப்பேன்" என்றாள் அம்மா. எனக்கோ போட்டோவைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. மூச்சு விடவில்லை. பிடித்திருக்கிறது என்று நான் வாய் திறந்த வரன்தான் முதலில் கைநழுவும்.

பெண் பாளையங்கோட்டையில் ஆசிரியை. சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் வேண்டாம், ஆற்றங்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய பூங்காவில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றிக்கொண்டே பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மாப்பிள்ளை வேர்த்து வழிந்தால் என்ன ஆவது என்று அத்தைக்குக் கவலை. என் முகத்தில் பவுடரை அப்பித்தான் அனுப்பினாள்.

பூங்கா வாசலில் ஒரு பலகை. புல்லில் நடக்காதே, பூவைப் பறிக்காதே, சத்தம் போடாதே. மூச்சு விடலாம் போலிருந்தது. வட்டப் பாதை முழுக்க வெள்ளை அம்புக்குறிகள். எல்லாம் இடமாகச் சுற்றச் சொல்லின. ஆனால் வட்டத்தின் நடுவே ஒரு அரசமரம், அடியில் பிள்ளையார். பூங்கா வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்பவர். சாமியை இடமாகச் சுற்ற எங்கள் ஊரில் யாருக்குக் கால் வரும்? நடக்கிறவர், ஓடுகிறவர், சைக்கிள்காரர் அத்தனை பேரும் அம்புக்குறியை மிதித்துக்கொண்டு வலம் வந்தார்கள்.

நான் புனேக்காரன் அல்லவா? "விதின்னா விதிதான். இதனாலதான் நம்ம ஊரு உருப்பட மாட்டேங்கு" என்றேன்.

"அதுக்காக மொத நாளே பிள்ளையாரை இடமாச் சுத்தச் சொல்லுதீங்களா? நான் மாட்டேன்" என்றாள் அவள்.

"அப்ப அவங்கவங்க வழியில போவோம்." புத்தியுள்ளவன் சொல்லுகிற பேச்சா இது? அவள் வலமாகப் போனாள், நான் இடமாகப் போனேன்.

எதிரெதிரே வரும்போது மட்டும்தான் பேச்சு. முதல் சந்திப்பில் "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் அவள் முதுகுதான் தெரிந்தது. அடுத்த முறை "வெந்நி நல்லா வைப்பேன்!" என்று கத்தினேன். சிரித்தாளா என்று பார்க்க முடியவில்லை. ஒரு அண்ணாச்சி வழிமறித்தார். "என்னவே, சாமிய இடமாச் சுத்துதீரு? வெளங்குவீரா?" அம்புக்குறியைக் காட்டினேன். "அம்பு போட்டவன் போயிட்டான்வே. பிள்ளையாரு இங்கனதான இருக்காரு" என்றார்.

அதற்கடுத்த முறை அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "கல்யாணம் ஆனா நான் வேலையை விட்டுட்டுப் புனேக்கு வரணுமோ?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போனாள்.

பதில் தெரியும்; கத்திச் சொல்லுகிற பதில் அல்ல அது. பக்கத்தில் போக வேண்டும். அம்புக்குறியாவது மண்ணாவது என்று சைக்கிளைத் திருப்பி, ஊரோடு ஊராக வலமாக மிதித்தேன். எவ்வளவு மிதித்தும் அவள் முதுகு கண்ணில் படவில்லை. வளைவில் திரும்பினால் நேர் எதிரே வருகிறாள், அம்புக்குறி காட்டிய வழியில்! இரண்டு பேரும் பிரேக் பிடித்தும் முன் சக்கரங்கள் முட்டிக்கொண்டன.

பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது. அதில் அதே அண்ணாச்சி. "நல்லா இருந்த பிள்ளையையும் கெடுத்துட்டீரேவே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எதுக்குத் திரும்புனீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க வேலையை விட வேண்டாம், நான் இங்கன வேலை தேடுதேன்னு சொல்லத்தான். நீங்க?"

"புனேயில பள்ளிக்கூடமா இல்லன்னு சொல்ல வந்தேன்."

யார் எந்த ஊருக்குப் போவது என்பது அன்று தீரவில்லை. வலமாகப் போனால் அவளும் இடமாகப் போனால் நானும் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். வாசலில் பார்த்த பலகையை மனசுக்குள் இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு புல்லில் இறங்கினேன். அவளும் இறங்கினாள். நேராக அரசமரத்தடிக்குப் போனோம்.

"ஒங்களப் பிடிச்சிருக்குன்னு வீட்டுல போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. வீடு எங்கயும் ஓடிராது."

சொன்னேன். அத்தை அப்பிய பவுடர் அதற்குள் சட்டைக் காலருக்கு இறங்கியிருந்தது.