பொலித்தீன் பிரிக்காத வண்டி

செபஸ்தியன் அண்ணன் வீட்டு சோபாவின் துணி என்ன நிறம் என்று எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வாங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீன் இன்னும் அப்படியே கிடக்கிறது. வெயில் நேரம் போய் உட்கார்ந்தால் எழும்பும்போது இடுப்பில் கட்டியிருக்கும் சாரமும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். டீவி ரிமோட்டுக்கும் உறை, ஃபிரிஜ் கைப்பிடிக்கும் உறை. நான் புவாத், பக்கத்து வீடு, கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். கடையில் சாமான் விற்கிறவனுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். பாவிக்காத சாமானை என்னத்துக்கு வாங்குவது?

ஆனால் மனுஷன் பழகியது அப்படி. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த பெட்டியைச் சொந்தக்காரன் வந்து எடுக்கும்வரை பிரிக்கவும் கூடாது, ஒரு கீறல் விழவும் கூடாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அந்தக் காவலை அவர் விடவில்லை.

அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதியை மறுபடி திறந்த பிறகு, டோஹாவில் இருக்கும் மகன் மெல்ரோய் ஒரு வண்டி வாங்கச் சொன்னான். அம்மா மட்டக்குளிக்குப் போய் வரத்தான். அங்கே அண்ணனின் மனைவி டோரின் அக்காவின் தங்கச்சி மாக்ரெட் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். அக்கா ஊட்டினால்தான் நாலு வாய் சாப்பாடு இறங்கும். அக்காவுக்கோ இரண்டு முழங்காலும் சரியில்லை. பஸ்ஸில் ஏற முடியாது. த்ரீவீலில் போனால், மழை பெய்த நாளில் தங்கச்சி வீட்டுக்கு ஆற்றுப் பக்கம் இறங்கும் சேற்று ஒழுங்கைக்குள் போகமாட்டேன் என்று மேலேயே இறக்கிவிடுவார்கள். போன மாதம் அப்படித்தான் சாப்பாட்டுக் கூடையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தார்.

செபஸ்தியன் அண்ணன் வண்டி தேடத் தொடங்கினார். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற காலத்தை அவர் மறக்கவில்லை, அதனால் ஹைபிரிட்தான் என்றார். அதோடு முன்சில்லு, பின்சில்லு என்று வண்டியின் நாலு சில்லும் இழுக்க வேண்டும் என்றார்.

"என்னத்துக்கண்ணே நாலு சில்லும்? கொட்டாஞ்சேனைல ஏறுறதுக்கு எந்த மலை ஈக்குது?" என்று சிரித்தேன்.

அவர் என்னை மட்டக்குளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சரிவில் ஒரு வான், முன்சில்லு சும்மா சுற்ற, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றது.

அதற்குப் பிறகு அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவரோடு கார் சேல், கார் சேலாக அலைந்தேன். ஒரு வண்டியில் பின்சில்லுக்குத் தனியாக ஒரு மோட்டர் இருக்கிறது, முன்னாலிருந்து ஒரு தண்டும் பின்னுக்குப் போகவில்லை என்றார்கள். அதெப்படி என்று இரண்டு பேரும் தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தோம். உண்மைதான், ஒரு தண்டும் இல்லை. முன்சில்லு வழுக்கினால் பின்மோட்டர் தானாகவே தள்ளுமாம். அதற்கு எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்டார், விற்கிறவனுக்கும் தெரியவில்லை. அன்றிரவு அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் கிருலப்பனைப் பக்கம் ஒரு கார் சேலில் எங்கள் தெரிவில் மூன்று வண்டி மிஞ்சியது. அங்கே விற்பனையைப் பார்த்த நதீஷா என்ற பிள்ளை எங்கள் கேள்வி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள். அவளோடு கதைத்ததெல்லாம் சிங்களத்தில்தான். "ஒவ்வொரு நாளும் இதில ஏறி இறங்கப் போறது யார்?"

இவ்வளவு நாளும் டோரின் அக்காவை ஒரு வண்டியிலும் உட்கார வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் வண்டி உயரம், முழங்கால் மடங்கவில்லை. இரண்டாவது பள்ளம், உள்ளே விழுந்தவரை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. மூன்றாவதுதான் பின்சில்லுக்குத் தனி மோட்டர் உள்ள வண்டி. சீட்டு சரியாக இடுப்பு மட்டத்துக்கு இருந்தது. அக்கா திரும்பி நின்று, மெல்லப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தது.

அடுத்த நொடி சறுக்கினார். சீட்டைச் சுற்றியிருந்த பொலித்தீனில் உட்கார்ந்த உடம்பு நிற்கவில்லை. காலை ஊன்றிப் பிடிக்க முழங்காலில் பலமும் இல்லை. அண்ணன் பாய்ந்து தாங்காவிட்டால் நிலத்தில்தான்.

"இதுவும் சரிவராது," என்றார் அண்ணன். முகம் கறுத்துவிட்டது.

"வண்டி சரிதான். பொலித்தீனைக் கழட்டுங்க," என்றாள் நதீஷா. "இந்த வண்டில பின்சீட்டுக்குக் கீழ பற்றரிக்குக் காத்துப் போற ஓட்டை இருக்கு. அதையும் பொலித்தீன் மூடும்."

"புது வண்டி பிள்ளை, அழுக்குப் பட்டுரும். கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். மேல ஒரு துவாய் போட்டால்..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றபடி கேட்டார்.

"ஹார்பர்ல பெட்டியை எப்பப் பிரிப்பீங்க?"

"சொந்தக்காரன் வந்தாப் பிறகு."

"கலியாணம் கட்டின நாள்ல இருந்து நான் பொலித்தீன்லதான் இருக்கிறன். அது ஆருக்குக் காவல் வைச்ச சாமான்? நான் வந்து எவ்வளவு காலம்? இன்னும் ஆர் வர வேணும்?"

அண்ணனுக்குக் கண் நிறைந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"பிள்ளை, இந்த வண்டியை எடுக்கிறம்," என்று நதீஷாவிடம் சொன்னார். பிறகு குனிந்து, சீட்டின் ஓரத்தில் விரலை விட்டு, பொலித்தீனை ஒரே இழுப்பில் கிழித்தார்.

"சொந்தக்காரி வந்தாச்சு, ஏறி இருங்கோ," என்றார்.