லயம் என்றால் தாளமாம்

எங்கள் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து போடும் பாட்டு சீடிக்கு ‘லயம்’ என்று பெயர் வைத்தவன் நான். அட்டைப்படமும் நான்தான் வரைந்தேன். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு, அதாவது லயம், தகரக் கூரை, வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள். வீடியோவையும் அங்கேயே எடுப்பதாகத் திட்டம்.

இன்று ஹட்டன் டவுனில் அட்டை செய்யும் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வீணை, ஒரு மிருதங்கம்.

“அண்ணே, என் படம் எங்க?”

“எந்தப் படம்? எனக்கு ஒண்ணும் தரலியே. லயம்னா தாளம்தானேன்னு ஒங்க பாட்டுக்காரர்கிட்ட கேட்டேன். ஆமாண்ணே, தாளம்தான்னாரு.”

பாட்டுக்காரர் என்றால் செல்வம். என் பக்கத்து வீடு. படத்தை அவன் கையில்தான் கொடுத்தனுப்பியிருந்தேன்.

போன் போட்டேன்.

“கொழும்புலயும் விப்பாங்கடா. நாம லயத்துல கெடக்கோம்னு அட்டையிலயே போடணுமா?”

“அப்ப ஞாயித்துக்கிழம வீடியோ?”

“நுவரெலியாவுல, வாவிப் பக்கமா எடுக்கிறோம். ஒங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

வீடியோவில் வரும் என்று அம்மா நேற்றே வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். எங்கள் சுவரோடு நிறுத்தவில்லை. செல்வம் வீட்டுச் சுவருக்கும் சேர்த்து.

நெட் கபேயில் இந்தப் பதிவை எழுதி முடித்ததும், டிக்கோயா பஸ் பிடித்து நான் என் தாளத்துக்குப் போக வேண்டும். ஆறாவது கதவு. ஏழாவது அவனுடையது.

தாளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், கீழே கை தூக்குங்கள்.